நாலேகால் அங்குலம்

மணி நாலரை.
கடல் இன்னும் சத்தமாக மட்டுமே இருக்கிறது.
நெற்றியில் விளக்கு, தோளில் வெட்டுகுழல்,
இடுப்பில் ஒரு பாட்டில் தண்ணீர்.
பதினெட்டுப் பச்சைத் திட்டுகளில்
பதினெட்டுக் குழிகளை இடம் மாற்றுவது என் வேலை.

குழியை எப்படி இடம் மாற்ற முடியும் என்று
என் மகன் ஒருமுறை கேட்டான்.
முடியும்.
அழுத்தித் திருகி இழுத்தால்
ஒரு சாண் மண் புல்லோடு உருளையாக வரும்.
அதைக் கொண்டுபோய் நேற்றைய குழியில் இறக்கு,
காலால் தட்டு, நீர் தெளி.
நேற்று என்று ஒன்று இருந்ததே தெரியக்கூடாது.
பிறகு தொலைக்காட்சிக்காக
உள்விளிம்புக்கு வெள்ளை அடிக்க வேண்டும்.

நவம்பர். கபோ சான் லூகாஸுக்குத்
திமிங்கிலங்கள் இன்னும் வரவில்லை,
ஆட்டக்காரர்கள் வந்துவிட்டார்கள்.
பதிமூன்றாம் குழிவரை கள்ளி,
அதற்கப்புறம் பசிபிக்.
வெள்ளைக் கூடாரங்கள், மிதியடி துடைக்க ஓர் ஆள்,
"அமைதி" என்று எழுதிய பலகையைத் தூக்கிப் பிடிக்க
மாமன் மகன் அனாக்ளேத்தோ.
அலைக்கு மட்டும் அந்தப் பலகை புரிவதில்லை.

புதன்கிழமை, பயிற்சி நாளில்,
கோர்தோபாக்காரன் ஒருவன், லௌதாரோ பெஸ்ஸோனே,
பதினேழாவது திட்டில் என்னைப் பார்த்து
எங்கள் பாஷையில் சொன்னான்:
"அக்கா, ஞாயிறன்று எனக்கு மட்டும்
வாளி அளவுக்கு வெட்டுங்க."
நாலேகால் அங்குலம் என்றேன்.
போப்பாண்டவர் வந்தாலும் நாலேகால்தான்.
சிரித்தான். முன்பல்லில் ஓர் ஓட்டை.

ஞாயிறு.
பதினேழில் உருளையை இறக்கிக்கொண்டிருந்தபோது
இடுப்பில் போன் அதிர்ந்தது.
தண்ணி லாரி தெருமுனைக்கு வந்துவிட்டதாம்,
பதினோரு நாளைக்கப்புறம்.
தொட்டி மூடியின் சாவி எங்கே என்கிறான் மகன்.
மாவு டப்பாவுக்குப் பின்னால், இல்லை, மேலே,
இல்லை, என் பழைய செருப்புக்குள்.
என் முதுகுக்குப் பின்னால் தெளிப்பான்கள் சுற்றிக்கொண்டிருந்தன.

உருளை ஒரு நகக் கனம் மேலே நின்றது.
பிடுங்கி, அடிமண்ணைச் சுரண்டி, மறுபடி இறக்கியிருக்க வேண்டும்.
குதிகாலால் இரண்டு மிதி மிதித்தேன்.
போதும் என்று பட்டது.

மத்தியானம் நாலு மணிக்கு
இயந்திரக் கொட்டகையின் சின்னத் திரையில் பார்த்தோம்.
பெஸ்ஸோனே, முப்பதடி, கொஞ்சம் இறக்கம்.
அவன் அடித்தது சரி. அதை நான் சொல்வேன்.
பந்து கோடு பிடித்து வந்தது,
சனிக்கிழமைக் குழி இருந்த இடத்தில்
கண் சிமிட்டுவதுபோல் ஒரு துள்ளல்,
வெள்ளை விளிம்பை நக்கிவிட்டு
வலப்பக்கம் போய் நின்றது.

அவன் தன் மட்டையைப் பார்த்தான்.
காற்றைப் பார்த்தான்.
கடலைக்கூடப் பார்த்தான்.
தரையைப் பார்க்கவில்லை.

ஓர் அடியில் தோற்றான்.
முதல் பரிசுக்கும் இரண்டாவதுக்கும் உள்ள வித்தியாசத்தை
அனாக்ளேத்தோ தன் சம்பளத்தால் வகுத்து,
"அறுபத்திரண்டு வருஷம்" என்று அறிவித்தான்.
எல்லோரும் சிரித்தார்கள்.
நான் வெட்டுகுழலின் விளிம்பைத்
துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன்,
சுத்தமாக இருந்ததை.

வாரம் நூறு குழி வெட்டுகிறேன்.
யாருக்கும் குழி பறித்ததில்லை.
இரண்டும் வேறு வேறு என்றுதான்
இதுவரை இருந்தது.

வீட்டில் தொட்டி முக்கால் நிறைந்திருந்தது.
சாவி செருப்புக்குள்தான் இருந்திருக்கிறது.

திங்கள்.
தேனிலவுக்காரர்கள் ஆடுவார்கள்;
நடுவில், தட்டையான இடத்தில்,
கண்ணை மூடிக்கொண்டு தட்டினாலும் விழும்படி வெட்டினேன்.
பிறகு அந்த உருளையைப் பிடுங்கி
நகக் கனம் மண் சுரண்டி இறக்கினேன்.
உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன். ஒன்றும் தட்டுப்படவில்லை.

விடுதி வாசலில் விமான நிலைய வேன்.
பைகளை ஏற்றிக்கொண்டிருந்தவன் தூரத்திலிருந்து என்னைக் கண்டு
இரண்டு கையாலும் பெரிய வட்டம் காட்டினான்.
"வாளி, அக்கா! அடுத்த வருஷமாவது!"

கையை உயர்த்தினேன். அதில் இன்னும் மண் இருந்தது.
அந்தத் தூரத்துக்கு
அது தெரிந்திருக்காது.